கினி பிக் ஏன் சொறியுது, முடி ஏன் கொட்டுது? வாசகர் கேள்விகளுக்கு கால்நடை டாக்டர் பதில்

கினி பிக் தோல் பத்தி கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், நிறைய பேர் அனுப்பியிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். முதல்ல ஒரு வேண்டுகோள். "முடி கொட்டுது, என்ன மருந்து போடலாம்"னு ஒரே வரியில எழுதினா எனக்கு பதில் சொல்ல வழியே இல்லைங்க. எந்த இடத்துல கொட்டுது, அரிப்பு இருக்கா இல்லையா, கூட இருக்கற மத்த கினி பிக்குக்கும் இருக்கா, எடை குறைஞ்சிருக்கா, இந்த நாலும் தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். அதுலயும் அரிப்பு இருக்கா இல்லையாங்கறது தான் ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ படிக்கப் படிக்க உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எங்க கினி பிக் கொஞ்ச நாளா விடாம சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. தோள்பட்டையிலயும் முதுகுலயும் முடி போயி தோல் தடிச்சு மஞ்சளா பொருக்கு கட்டியிருக்கு. பொடுகுன்னு நெனச்சு ஷாம்பு போட்டு குளிப்பாட்டினோம், குறையல. நேத்து சொறிஞ்சுக்கிட்டே இருந்தது திடீர்னு சாஞ்சு விழுந்து கை கால் எல்லாம் இழுத்துக்கிச்சு, பாக்கவே முடியல. இது வலிப்பு நோயா டாக்டர்?

இதைப் படிச்சிட்டு நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. நீங்க சொல்றதை வெச்சுப் பாத்தா இது மூளைக் கோளாறால வர்ற வலிப்பா இருக்க வாய்ப்பு கம்மி. மைட்ஸ்னு சொல்ற கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி, அதுல ட்ரிக்ஸாகாரஸ் கேவியேன்னு கினி பிக்கையே குறி வெச்சு வர்ற ஒரு வகை இருக்கு, அது தோலுக்குள்ள சுரங்கம் மாதிரி குடைஞ்சு உள்ளயே முட்டை போட்டு வாழும். அதனால வர்ற அரிப்பு சாதாரண அரிப்பு கிடையாது, தாங்க முடியாம சொறிஞ்சு சொறிஞ்சு கடைசில உடம்பே வெட்டி இழுக்கற அளவுக்கு போயிடும். நாம கை வெச்சு தொட்டாலே கூட அந்த இழுப்பு வரலாம். கினி பிக்குக்கு வர்ற தோல் நோய்கள்லயே அதை இந்த அளவுக்கு வதைக்கறது வேற எதுவும் இல்லைன்னு தான் நான் சொல்லுவேன், சாப்பாடு இறங்காம, எடை குறைஞ்சு, கவனிக்காம விட்டா உயிரே போயிடும்.

டாக்டர் தோலை லேசா சுரண்டி மைக்ராஸ்கோப்ல வெச்சு பாப்பாங்க. அதுல ஒண்ணும் தெரியலைன்னு வந்தா மைட்ஸ் இல்லைன்னு நிம்மதியாகிடாதீங்க, உள்ள ஆழமா இருக்கறதால பல தடவை சுரண்டல்ல சிக்காது. அறிகுறி இவ்வளவு தெளிவா இருந்தா டெஸ்ட் எப்படி வந்தாலும் மைட்ஸ்னே வெச்சு மருந்து ஆரம்பிக்கறது தான் வழக்கம், அது சரியும் கூட. ஐவர்மெக்டின் ஊசியாவோ வாய் வழியாவோ கொடுப்பாங்க, இல்லன்னா செலமெக்டின்னு கழுத்துக்கு பின்னாடி தோல்ல சொட்டு விடற மருந்து இருக்கு. எதுவா இருந்தாலும் ஒரு தடவையோட நிறுத்தாதீங்க, மருந்து உயிரோட இருக்கற உண்ணியைக் கொல்லுமே தவிர முட்டையை ஒண்ணும் பண்ணாது. முட்டை பொரிஞ்சு வர்றதையும் பிடிக்கணும்னா மருந்துக்கு தகுந்த மாதிரி நாள் இடைவெளி விட்டு, ஐவர்மெக்டின்னா 7ல இருந்து 14 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் ரெண்டு மூணு தடவை கொடுக்கணும். முதல் டோஸ் போட்ட உடனே அரிப்பு நிக்காது, சில நாள் ஆகும், அதுக்குள்ள "மருந்து வேலை செய்யல"ன்னு வேற எதையாவது பூசிடாதீங்க. வலிக்கும் வீக்கத்துக்கும் தனியா மருந்து கேட்டு வாங்குங்க. சொறிஞ்ச புண்ணுல சீழ் பிடிச்சிருந்தா அதுக்கும் தனி மருந்து வேணும்.

வீட்டுல செய்ய வேண்டியது: குளிப்பாட்டறதை நிறுத்துங்க, அந்த தோலுக்கு அது இன்னும் எரிச்சல். வெளிச்சம் சத்தம் கம்மியா இருக்கற இடத்துல வெச்சு, தேவையில்லாம தூக்காதீங்க. இழுப்பு வந்தா வாயில எதையும் வைக்காம, எதுலயும் மோதாம பாத்துக்கிட்டா போதும். பின்னங்கால் நகத்தை டாக்டரையே வெட்டி விடச் சொல்லுங்க, சொறிஞ்சு கிழிச்சுக்கறது குறையும். ஒவ்வொரு டோஸ் அன்னைக்கும் கூண்டுல இருக்கற படுக்கை முழுசையும் எடுத்து தூக்கி போட்டுட்டு கூண்டை கழுவுங்க. கூட இருக்கற எல்லா கினி பிக்குக்கும், அது சொறியுதோ இல்லையோ, அதே நாள்ல அதே மருந்து.

சுத்தமா தானே வெச்சிருந்தோம்னு உங்க கடிதத்துல வருத்தமா எழுதியிருந்தீங்க, அதுக்கும் சொல்லிடறேன். இந்த மைட்ஸ் வேற கினி பிக்கிட்ட இருந்து எப்பவோ ஒட்டி மாசக்கணக்கா அறிகுறியே இல்லாம கிடக்கும், வயசாகறப்போ, கர்ப்பமா இருக்கறப்போ, இடம் மாறினா, வைட்டமின் சி குறைஞ்சா, இப்படி எதிர்ப்பு சக்தி இறங்கற நேரம் பாத்து கிளம்பும். உங்க கையில சின்ன சின்னதா சிவப்பா கொப்புளம் வந்து அரிக்குதுன்னா அதுவும் இதே வேலை தான், ஆனா மனுஷ உடம்புல அதால நிலைச்சு பெருக முடியாது, கினி பிக்குக்கு சரியானா உங்களுக்கும் அடங்கிடும்.

கேள்வி: மாட்டுக்கு போடற ஐவர்மெக்டின் பாட்டில் ஒண்ணு சொந்தக்காரங்க வீட்டுல இருக்கு. அதே மருந்து தானே, கொஞ்சமா கொடுக்கலாமா? இல்லன்னா நாய்க்கு வாங்கின உண்ணி மருந்து ரெண்டு சொட்டு?

மருந்து ஒண்ணு தான், அளவு தான் ஆபத்து. மாட்டுக்கான ஊசி மருந்து பொதுவா 1 சதவீதம் இருக்கும், அதாவது 1 மில்லியில 10 மில்லிகிராம். ஒரு கிலோ எடை இருக்கற கினி பிக்குக்கு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம்னு ஒரு டாக்டர் கணக்கு போடறாருன்னு வெச்சுக்கோங்க, அப்போ அந்த பாட்டில்ல இருந்து எடுக்க வேண்டியது 0.04 மில்லி, ஒரு முழு சொட்டு கூட கிடையாது. சிரிஞ்சுல கண்ணால பாத்து அதை எடுக்கறது ரொம்ப கஷ்டம், புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனா பத்து மடங்கு உள்ள போயிடும். அதிகமா போனா நரம்பு மண்டலத்தை தாக்கும், தள்ளாடும், நடுங்கும், மயக்கமாகி எழுந்திரிக்காமலே போகலாம். டாக்டர் எடை போட்டு, மருந்தை நீர்க்க வெச்சு கொடுப்பாரு, அவரே கொடுக்கட்டும்.

நாய் மருந்து வேண்டவே வேண்டாம். பல நாய் மருந்துல ஃபிப்ரோனிலோ பெர்மெத்ரினோ இருக்கும். ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம், கினி பிக்குக்கும் அதை போட்டு பரிசோதனை பண்ணிப் பாக்காதீங்க. இயற்கையானதுன்னு சொல்லி விக்கற டீ ட்ரீ எண்ணெயும் அதே தான், தோல் வழியாவும் நக்கறது மூலமாவும் உள்ள போயி விஷமாகும். கினி பிக் உடம்புல பூசற எதுவா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல வயித்துக்குள்ள போயிடும்னு நெனச்சுக்கிட்டே பூசுங்க.

கேள்வி: முடியை விலக்கிப் பாத்தா வெள்ளையா நீளமா குட்டி குட்டியா ஓடுது, முடியில வெள்ளைப் புள்ளியா ஒட்டியிருக்கு. பேனா? குழந்தைங்க தலைக்கு வந்துடுமா?

ஓடறது கண்ணுக்குத் தெரியுதுன்னா அது பேன் தான், முடியில ஒட்டியிருக்கறது ஈறு. பொடுகுன்னா ஊதினா உதிரும், ஈறு விரலால இழுத்தாலும் சுலபமா வராது. கினி பிக் பேன் கினி பிக் மேல மட்டும் தான் வாழும், குழந்தைங்க தலைக்கு வராது, நாய் பூனைக்கும் வராது. கொஞ்சமா இருந்தா பெருசா தொந்தரவு தெரியாது, நிறைய ஆயிடுச்சுன்னா சொறிஞ்சு முடி மங்கிப் போயி காதுக்கு பின்னாடி புண்ணாகும். சிகிச்சை கிட்டத்தட்ட மேல சொன்னது தான், மருந்தும், ரெண்டாவது டோஸும், கூட இருக்கறவங்களுக்கும் சேர்த்து, கூண்டு சுத்தமும். இடுப்பு, பின் தொடை முடியில அசையாத பழுப்புப் புள்ளியா இருந்தா அது முடியைப் பிடிச்சுக்கிட்டு வாழற வேற ஒரு மைட், அது தோலைக் குடையாது, பெரும்பாலும் அவ்வளவா அரிக்கவும் அரிக்காது, ஆனா அதுக்கும் மருந்து போட்டுடறது நல்லது.

கேள்வி: புதுசா வாங்கின குட்டிக்கு மூக்கு மேலயும் கண்ணைச் சுத்தியும் வட்டமா முடி கொட்டி செதில் செதிலா இருக்கு. அவ்வளவா சொறியல. வீட்டுல இருந்த தோல் க்ரீமை தடவினோம், முதல்ல குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, இப்போ காது வரைக்கும் போயிடுச்சு. என் பொண்ணு கையிலயும் சிவப்பா ஒரு வட்டம் வந்திருக்கு.

படர்தாமரைங்க இது, அனேகமா சந்தேகமே இல்ல. மூக்கு, கண், காது, அதாவது முகத்துல ஆரம்பிச்சு பின்னாடி போறது, சின்ன வயசு குட்டி, அரிப்பு கம்மி, வீட்டுல ஒருத்தருக்கு வட்டமா தடிப்பு, எல்லாமே பொருந்துது. கினி பிக்குக்கு வர்றது பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான்ங்கற பூஞ்சை வகை. இது மனுஷங்களுக்கு நல்லாவே ஒட்டும், அதனால முதல் வேலையா பொண்ணை தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, வீட்டுல கினி பிக் இருக்கு அதுக்கும் இப்படி இருக்குன்னு மறக்காம சொல்லுங்க, அது தெரிஞ்சா அவங்களுக்கு வேலை சுலபம்.

நீங்க தடவின க்ரீம்ல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு நெனைக்கறேன், ட்யூப் மேல படிச்சுப் பாருங்க. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிக் காட்டும், அதோட அந்த இடத்துல எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிடும், பூஞ்சைக்கு அது வசதியா போயிடும். முதல்ல குறைஞ்ச மாதிரி இருந்து அப்புறம் பரவினது அதனால தான். உடனே நிறுத்துங்க.

சில இடத்துல நீல லைட் அடிச்சு பாத்து ஒளிரலைன்னா பூஞ்சை இல்லைன்னு சொல்லிடுவாங்க, ஆனா இந்த வகை பூஞ்சை அந்த லைட்டுல பொதுவா ஒளிராது. முடியையும் செதிலையும் எடுத்து கல்ச்சர் வைக்கறது, அதாவது லேப்ல பூஞ்சையை வளர்த்துப் பாக்கறது தான் உறுதியான வழி, ரிசல்ட் வர ரெண்டு மூணு வாரம் கூட ஆகும், அதுக்குள்ள சந்தேகம் பலமா இருந்தா சிகிச்சையை ஆரம்பிச்சிடலாம். இட்ராகோனசோல் இல்லன்னா டெர்பினாஃபின் வாய் வழியா, கூடவே மைகோனசோல் மாதிரி மேல் பூச்சு. வாரக்கணக்குல போகும். முடி முளைக்க ஆரம்பிச்சதும் நிறைய பேர் நிறுத்திடறாங்க, அப்படி நிறுத்தினா திரும்ப வரும், டாக்டர் சொல்ற வரைக்கும் கொடுக்கணும். பழைய மருந்தான கிரிசியோஃபுல்வின் கொடுக்கறாங்கன்னா, பொட்டை கினி பிக் கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா முதல்லயே சொல்லிடுங்க, வயித்துல இருக்கற குட்டிக்கு அது கெடுதல்.

இந்த நோய்ல மருந்தை விட கஷ்டமான வேலை வீட்டை சுத்தம் பண்றது தான். உதிர்ந்த முடியிலயும் செதில்லயும் பூஞ்சையோட விதை மாதிரி இருக்கறது மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். துணி விரிப்பை எல்லாம் சூடான தண்ணில தனியா துவைங்க, சிந்தின முடியை வேக்குவம் போட்டு எடுங்க, கூண்டோட தரை பிளாஸ்டிக்னா கினி பிக்கை வேற இடத்துக்கு மாத்திட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு தண்ணி பத்து பங்குன்னு கலந்து துடைச்சு, பத்து நிமிஷம் விட்டு, நல்லா அலசி காய வெச்சு, வாடை போன அப்புறம் உள்ள விடுங்க. மர வீடு, மரப் பொம்மை எல்லாம் உள்ள ஊறிப் போயிருக்கும், தூக்கிப் போடறது தான் நல்லது. கிளவுஸ் போட்டுக்கிட்டு தொடுங்க, சிகிச்சை முடியற வரைக்கும் பொண்ணு அதை மடியில வெச்சுக்க வேண்டாம். ஆனா தயவு செஞ்சு, இதுக்காக அந்த குட்டியை யார்கிட்டயாவது தள்ளி விட்டுடாதீங்க, முழுசா குணமாகற நோய் இது. இனிமே புதுசா எது வாங்கினாலும் ரெண்டு மூணு வாரம் தனி அறையில வெச்சிட்டு அப்புறம் மத்ததோட சேருங்க.

கேள்வி: என்னோட ரெண்டு கினி பிக்குக்கும் காதுக்கு பின்னாடி முடியே இல்ல, தோல் நல்லா தான் இருக்கு. பயமா இருக்கு.

பயப்படாதீங்க, எல்லா கினி பிக்குக்கும் அந்த இடம் அப்படித்தான் இருக்கும். முன்னங்கால் உள்பக்கத்துலயும் ஒரு சின்ன வழுக்கை இருக்கும். அங்க சிவப்போ செதிலோ புண்ணோ வந்தா மட்டும் காட்டுங்க.

கேள்வி: மூணு வயசு பொட்டை. ரெண்டு விலா பக்கமும் ஒரே அளவுல முடி கொட்டி வழுவழுன்னு இருக்கு. சொறியறதே இல்ல. மைட்ஸ் மருந்து ரெண்டு தடவை போட்டாச்சு, மாற்றமே இல்ல. இப்போ கூட இருக்கறது மேல ஏறி ஏறி சண்டை வேற போடுது.

நான் முதல்ல அரிப்பு இருக்கான்னு கேட்டதே இதுக்காகத்தான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, அரிப்பே இல்லாம, ரெண்டு வயசு தாண்டின பொட்டைக்கு முடி போனா தோலை விட்டுட்டு சூலகத்தை, அதாவது கருமுட்டைப் பையைப் பாக்கணும், அதுல நீர்க்கட்டி இருக்கலாம். கினி பிக்குல இது ரொம்ப சகஜம். கட்டியில இருந்து ஹார்மோன் அதிகமா சுரந்தா முடி இப்படி போகும், முலைக்காம்பு பெருசாகி பொருக்கு கட்டும், கூட இருக்கறதை ஏறும் விரட்டும். வயிறு ரெண்டு பக்கமும் உப்பின மாதிரி தெரியும், ஆனா உடம்பு இளைச்சுக்கிட்டு போகும். நீங்களா வயித்தை அமுக்கி அமுக்கி பாக்காதீங்க, கட்டி உடைஞ்சிடும். ஸ்கேன் எடுத்தா தெளிவா தெரிஞ்சிடும்.

ஆபரேஷன் பண்ணி சூலகத்தை எடுக்கறது தான் நிரந்தர தீர்வு, கினி பிக் ஆபரேஷன் பழக்கம் இருக்கற டாக்டரா பாத்து போங்க, மயக்க மருந்து இதுங்களுக்கு கொஞ்சம் சிக்கலான விஷயம். வயசாயிடுச்சு, உடம்பு தாங்காதுன்னா ஹார்மோன் ஊசி போடலாம், சில வகை கட்டிக்கு கொஞ்ச நாளைக்கு கேக்கும். ஊசி குத்தி நீரை எடுக்கறதும் உண்டு, ஆனா மறுபடி நிரம்பிடும். கர்ப்பத்தோட கடைசி நாட்கள்லயும் குட்டிக்கு பால் கொடுக்கறப்பவும் கூட விலா பக்கம் முடி மெலிஞ்சு போகும், அது தானா வளர்ந்துடும், அதையும் இதையும் குழப்பிக்க வேண்டாம்.

கேள்வி: முதுகுல கத்திரியால வெட்டின மாதிரி முடி கட்டையா இருக்கு, தோல்ல ஒண்ணுமே இல்ல.

மென்னு தின்னிருக்கு. தன் முடியைத் தானே மெல்லுதா கூட இருக்கறது மெல்லுதான்னு இடத்தை வெச்சு சொல்லிடலாம். தலையிலயும் கழுத்துலயும் கட்டையா இருந்தா அதோட வாயே அங்க எட்டாது, கூட இருக்கறது தான் பண்ணியிருக்கு. காய்ஞ்ச புல் எந்நேரமும் குறையாம இருக்கணும், இடம் பெருசாக்குங்க, ஆளுக்கொரு ஒளிஞ்சுக்கற வீடு வைங்க, ரெண்டு வாசல் இருக்கற வீடா இருந்தா ஒண்ணை ஒண்ணு மடக்க முடியாது. அதுக்கும் நிக்கலைன்னா பல், வயிறு எங்கயாவது வலி இருக்கான்னு பாக்கணும், வலி இருக்கற இடத்து மேல இருக்கற முடியை மெல்லறதும் உண்டு.

கேள்வி: முடி முரடா சிலிர்த்துக்கிட்டு நிக்குது, தோல்ல செதில், முன்ன மாதிரி ஓடறதில்ல, தூக்கினா கத்துது. பாதத்துக்கு அடியில வேற சிவந்து வீங்கி முடி கொட்டியிருக்கு. வைட்டமின் சி சொட்டு மருந்து தினமும் தண்ணி பாட்டில்ல கலந்து தான் வைக்கறோம்.

தண்ணில கலக்கறது தான் இங்க பிரச்சனைன்னு எனக்கு தோணுது. நம்மள மாதிரியே கினி பிக் உடம்பாலயும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, கல்லீரல்ல அதுக்கு வேண்டிய என்சைம் கிடையாது, தினமும் வெளில இருந்து போயாகணும். நல்லா இருக்கறதுக்கு கிலோ எடைக்கு 10ல இருந்து 30 மில்லிகிராம், கர்ப்பமா இருந்தா அந்த மேல் அளவு. தண்ணில கலந்தா வெளிச்சத்துலயும் காத்துலயும் சீக்கிரமே சக்தி போயிடும், அது எவ்வளவு குடிச்சுதுன்னும் தெரியாது, ருசி பிடிக்காம தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்கும். பெல்லட் தீவனத்துல இருக்கறதும் அப்படித்தான், தயாரிச்சு 3 மாசம் தாண்டினா நம்ப முடியாது, பையில இருக்கற தேதியைப் பாருங்க.

குறைய ஆரம்பிச்சா ரெண்டு வாரத்துலயே அறிகுறி தெரியலாம், முடி முரடாகும், செதில் வரும், மூட்டு வீங்கி வலிக்கும், அதனால தான் ஓடறதில்ல, தூக்கினா கத்துது. பல் ஈறுல ரத்தம் வரும், புண் வந்தா ஆறாது. டாக்டர் முதல்ல அதிக அளவு கொடுத்து ஆரம்பிப்பாரு, ஊசியாவோ வாய் வழியாவோ, அதுக்கப்புறம் தினமும் சிரிஞ்சுல நேரா வாயில கொடுங்க. சிவப்பு குடைமிளகாய் 100 கிராம்ல 100 மில்லிகிராமுக்கு மேலயே இருக்கு, தினமும் ஒரு துண்டு கொடுக்கறது நல்ல பழக்கம். மல்ட்டி வைட்டமின் சொட்டு மருந்து வேண்டாம், அதுல இருக்கற ஏ, டி எல்லாம் சேர்ந்து சேர்ந்து கெடுதலாகும், வைட்டமின் சி மட்டும் இருக்கறதா வாங்குங்க.

பாதம் தனி கதை, அதையும் தள்ளிப் போடாதீங்க. கம்பித் தரை, ஈரமான படுக்கை, அதிக எடை, இதோட வைட்டமின் சி குறைவு, எல்லாம் சேர்ந்து பாதத் தோல் தேஞ்சு கிருமி உள்ள போயிடும். சிவப்பா இருக்கற கட்டத்துலயே தரையை மெத்துன்னு மாத்தி, ஈரம் இல்லாம வெச்சு, எடையைக் குறைச்சா திரும்பிடும். கருப்பா பொருக்கு கட்டி புண்ணாயிட்டா மாசக்கணக்கா கட்டு மாத்திக்கிட்டு இருக்கணும், எலும்பு வரைக்கும் போயிட்டா காப்பாத்தறதே கஷ்டம். வலி மருந்து கேட்டு வாங்குங்க, மெலாக்சிகாம் மாதிரி, டாக்டர் சொல்ற அளவுல. வலி இருந்தா கினி பிக் வெளில காட்டாம சாப்பாட்டை மட்டும் குறைச்சுக்கும், அது குறைஞ்சா குடல் நின்னு போயி உயிருக்கே ஆபத்து. வாரம் ஒரு தடவை சமையல் தராசுல எடை போட்டு எழுதி வைங்க, உடம்பு சரியில்லாதப்போ தினமும்.

கேள்வி: தாடைக்கு கீழ பட்டாணி அளவுல இருந்த கட்டி இப்போ பெருசாகி மெத்துன்னு இருக்கு. பிதுக்கி விடலாமா? வீட்டுல அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கு, கொடுக்கலாமா?

ரெண்டுமே கூடாது, அதுவும் ரெண்டாவதை நெனைக்கவே நெனைக்காதீங்க. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாதிரி பெனிசிலின் வகை மருந்து வாய் வழியா போனா கினி பிக்கோட குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியா செத்து, விஷம் சுரக்கற கிளாஸ்ட்ரிடியம் வகை பெருகி, பேதியாகி சில நாள்ல செத்துப் போயிடும். கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசினும் அதே பட்டியல் தான். தோல்ல தடவற ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட்டை நக்கினாலும் இந்த ஆபத்து இருக்கு. நாய் பூனையே அதிகமா பாக்கற டாக்டர்கிட்ட போறீங்கன்னா, எழுதிக் கொடுக்கற மருந்து பேரைக் கேட்டு "இது கினி பிக்குக்கு சரியா"ன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபா இதெல்லாம் தான் வழக்கமா கொடுக்கறது.

தாடைக்கு கீழ மெத்துன்னு வளர்றது பெரும்பாலும் கழுத்து நெரிகட்டி சீழ் வெச்சது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால வரும், வாய்க்குள்ள ஏற்பட்ட சின்ன கீறல் வழியா கூட உள்ள போகும். சீழ் கெட்டியா இருக்கறதால பிதுக்கினா முழுசா வராது, உள்ள உடைஞ்சு ரத்தத்துல கலந்துடும். டாக்டர் கட்டியையே முழுசா எடுப்பாரு, இல்லன்னா திறந்து கழுவி விட்டு ஆன்டிபயாட்டிக் கொடுப்பாரு. கூட இருக்கறதை அதுவரைக்கும் தனியா வைங்க. இன்னொரு வாசகர் முதுகோட கீழ்ப்பகுதியில உருண்டையா கட்டி இருக்கு, சில சமயம் சாம்பல் கலர்ல ஏதோ கசியுதுன்னு எழுதியிருக்காரு, அது மயிர்க்கால்ல வர்ற சாதாரண கட்டியா இருக்கலாம், கினி பிக்குல சகஜம், பெரும்பாலும் புற்றுநோய் இல்ல, ஆபரேஷன்ல எடுத்துட்டா முடிஞ்சிடும். ஊசி குத்திப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டு எடுங்க.

கேள்வி: ஆண் கினி பிக். வால் இருக்க வேண்டிய இடத்துல முடி பிசுபிசுன்னு ஒட்டி நாத்தம் வருது. ஈ வேற சுத்துது.

அங்க ஒரு எண்ணெய் சுரப்பி இருக்கு, ஆணுக்கு அதிகமா சுரக்கும், நோய் கிடையாது. தேங்கா எண்ணெய் கொஞ்சம் தடவி சில நிமிஷம் ஊற விட்டு, துணியால துடைச்சிட்டு, அந்த இடத்தை மட்டும் கினி பிக்குக்கான ஷாம்புல கழுவி, துளி ஈரம் இல்லாம காய வைங்க. சுரண்டாதீங்க, அடியில தோல் சிவந்திருந்தா விட்டுட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஈ சுத்துதுன்னு கடைசியா போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு அது தான் கவலையா இருக்கு. பிசுக்கு, ஈரமான முடி, ஒட்டின சாணி, மூத்திரத்துல நனைஞ்ச தோல், இதுல ஈ முட்டை போட்டா ஒரு நாளுக்குள்ளயே பொரிஞ்சு புழு தோலைத் தின்ன ஆரம்பிச்சிடும். இன்னைக்கே பின்பக்கம் முழுசும், விதைப்பை மடிப்பு, ஆசனவாய் மடிப்பு எல்லாம் வெளிச்சத்துல விலக்கிப் பாருங்க. அரிசி மாதிரி வெள்ளையா கொத்தா ஒட்டியிருந்தா அது முட்டை, முடியோட சேர்த்து வெட்டி எடுத்துடுங்க. ஒரே ஒரு புழு தெரிஞ்சாலும் ராத்திரியா இருந்தாலும் அவசர சிகிச்சைக்கு கொண்டு போயிடுங்க, வெளில ஒண்ணு தெரியறப்போ உள்ள நிறைய இருக்கும். ஒண்ணும் இல்லைன்னா கூண்டுக்கு வலை போட்டு, வெயில் காலம் முடியற வரைக்கும் காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை அந்த இடத்தைப் பாத்துக்கோங்க.